கண்ணால் காணாத கன்றுகள்

கால்நடை ஆராய்ச்சிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார், தங்கைமாருக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். புத்தகத்தில் இருப்பதை நான் திரும்ப எழுதப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போன மாதம் நான் நிலையத்துக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருத்தி கைபேசியில் ஒரு கன்றின் படத்தைக் காட்டினாள். அன்று காலை எங்கோ தூரத்து மாட்டுப் பட்டியில் பிறந்ததாம். உடம்பில் ஈரம்கூடக் காயவில்லை. பிள்ளை அதைக் காட்டிவிட்டுச் சாதாரணமாக அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். நான்தான் திரும்பக் காட்டச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். ஒரு கன்றைப் பார்ப்பதற்கு ஒரு மனிதர் எவ்வளவு ஏங்கினார் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அவரைச் சாலி என்று வைத்துக்கொள்ளுங்கள். காத்தான்குடிக்காரர், முஸ்லிம். நான் களுவாஞ்சிக்குடித் தமிழ்ப் பெண். ஒன்றாகப் படித்து, ஒன்றாக வெளியே வந்து, மட்டக்களப்பில் ஒரே ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் மாட்டு வைத்தியர். அவர் இனவிருத்திக்காரர். "நீங்க இருக்கிற மாட்டக் காப்பாத்துங்க டொக்டர், இல்லாத மாட்ட நான் கொண்டுவாறன்" என்பார். வாய்க்கொழுப்புக்குக் குறைவில்லாத மனிதர். ஆனால் வேலை என்று வந்தால் சாப்பாடு, தண்ணீர் ஞாபகம் இருக்காது.

அந்தக் காலத்தில் பால் என்றால் எல்லோரும் குளிர்நாட்டு மாடுகளைத்தான் பேசுவார்கள். எங்கள் கச்சான், அந்த வறண்ட மேல்காற்று, அடிக்கும் மாதங்களில் அந்த மாடுகள் படும் பாட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாயைத் திறந்து, நாக்கை வெளியே விட்டு, மரத்தடி மரத்தடியாக ஓடும். பகலெல்லாம் மூச்சு வாங்கும் மாடு எப்போது மேய்வது, எப்போது பால் தருவது? சாலியின் எண்ணம் வேறு. எங்கள் பட்டிகளில் நிற்கும் சின்ன நாட்டுப் பசுக்களைச் சிவந்த சிந்தி இனக் காளையின் விந்தோடு சேர்த்தால், வெட்டவெளியில் மேய்ந்துகொண்டே கொஞ்சம் கூடப் பால் தரும் ஒரு கன்று பிறக்கும் என்றார். "நட்ட நடு மத்தியானம் வாயை மூடிக்கொண்டு நிக்கணும். அதுதான் எங்கட மாடு" என்பார். அவருடைய ஆராய்ச்சி முழுவதும் இந்த ஒரு வசனம்தான்.

சோதனைக்குப் பசு தந்தவர் படுவான்கரைப் போடியார், அதாவது பெரிய நிலக்காரர், ஒருவர். வாவியின் மேற்குப் பக்கம், பொழுது படும் கரை, படுவான்கரை. நாங்கள் இருந்தது கிழக்கே, எழுவான்கரையில். போடியாருக்கு வயலும் பெரிய பட்டியும் இருந்தன. சாலி போனால் போடியார் வீட்டில் தயிரும் வாழைப்பழமும் தயாராக இருக்கும். இரண்டு பேரும் பட்டிக்குள் நின்று ஒவ்வொரு பசுவாகக் காட்டிக்காட்டிப் பேசுவார்கள். கலியாணப் பேச்சு மாதிரி இருக்கும்.

முதல் தொகுதிப் பசுக்கள் சினைப்பட்டு, கன்று ஈனும் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் சண்டை மூண்ட அந்த வருடம் வந்தது. அதைப் பற்றி நான் இங்கே விரித்து எழுதவில்லை. எங்கள் ஆட்களும் செத்தார்கள், அவர்கள் ஆட்களும் செத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு காத்தான்குடிக்காரர் படுவான்கரைக்குப் போய்த் திரும்பி வருவது நினைத்தும் பார்க்க முடியாத காரியமாகிவிட்டது. வாவிக்கு இந்தப் பக்கம் இராணுவம், அந்தப் பக்கம் இயக்கம். அரச வைத்தியர் என்பதால் எனக்குப் போக அனுமதி கிடைத்தது. சாலிக்கு மண்முனைத் துறையோடு உலகம் முடிந்துபோனது.

கன்றுகள் அந்தக் கரையில் பிறந்தன. சாலி இந்தக் கரையில் இருந்தார்.

துறையிலிருந்து அக்கரைக்குப் போவது மிதவையில்தான். தோணிகளைச் சேர்த்துப் பலகை அடித்திருப்பார்கள். சைக்கிள், நெல்மூட்டை, ஆடு, மாடு, மனிதர் எல்லாம் அதில்தான். எங்கள் ஊரில் அதற்குப் பெயரே பாதை. உறைய வைத்த விந்தைத் திரவ நைதரசன் நிறைத்த கலத்தில் வைத்து நான் அதில் கொண்டுபோவேன். பார்த்தால் பெரிய பால் கேன் மாதிரி இருக்கும். முதல் தடவை ஒரு சிப்பாய் சந்தேகப்பட்டு மூடியைத் திறந்தார். வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்ததுதான் தாமதம், காவலில் நின்ற அத்தனை பேரும் மண்ணில் குப்புற விழுந்துவிட்டார்கள். நான் மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நின்றேன். புகை அடங்கி, விஷயம் விளங்கி, எல்லோரும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தத் துறையில் எனக்கு 'ஐஸ் நோனா', சிங்களத்தில் ஐஸ் அம்மா, என்று பெயர்.

கமரா கொண்டுபோக விடமாட்டார்கள். ஆகவே சாலிக்கு நான்தான் கண். போய் வந்த மறுநாள் காலையில் என் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நிறை, உயரம் எல்லாம் நான் ஒப்புவிப்பேன். அதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டுத்தான் தன் கேள்விகளைத் தொடங்குவார்.

"சிவப்பு எண்டா என்ன சிவப்பு? செங்கல்லா, மாதுளையா?"

"செங்கல்லுத்தான்."

"காது தொங்குதா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம் எண்டா? படம் போட்டுக் காட்டுங்க பாப்பம்."

எனக்குச் சித்திரம் வராது. ஒரு தடவை கீறிக் கொடுத்தேன். கடதாசியை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மாடா, கதிரையா டொக்டர்?" என்றார். ஆனால் அந்தக் கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாலிக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. தன் கன்றுகளை ஒரு தடவை கண்ணால் காண வேண்டும். அவ்வளவுதான்.

இனி, உங்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் விதைப்புத் தொடங்கியதும் மாடுகளை வயல் வட்டைகளில் வைத்திருக்க மாட்டார்கள். பட்டிகளை மேற்கே காட்டோரத்து மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துப் போவார்கள். வெள்ளாமை வெட்டி முடிந்த பிறகுதான் திரும்பக் கொண்டுவருவார்கள். அந்த ஒரு வருடம் காட்டோரத்தில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. யாரும் அங்கே போக முடியவில்லை. ஊரிலிருந்த பட்டிகளெல்லாம் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு தரிசு நிலத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அந்த நெருக்கத்துக்குள் காலிலும் வாயிலும் புண் வைக்கும் கால்வாய் நோய், கோமாரி, வந்தது.

தகவல் கிடைத்ததும் குளிர்ப்பெட்டியில் தடுப்பு மருந்தோடு போனேன். கிடைத்ததே கொஞ்சம். எல்லா மாட்டுக்கும் காணாது. போடியாரின் பட்டியில் ஒரு பசு வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் வடிய, ஒரு காலைத் தூக்கித் தூக்கி உதறிக்கொண்டு நின்றது. வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கில் கொப்புளம். பக்கத்தில் இன்னும் மூன்று நாலு மாடுகள் சோர்ந்து நின்றன. மற்றவர்களின் பட்டிகளில் அதுவரை ஒன்றும் இல்லை. அந்தப் பட்டிக்காரர்கள் எல்லோரும் வந்து என்னைச் சூழ்ந்து நின்றார்கள். எல்லோருடைய கண்ணும் குளிர்ப்பெட்டியில்தான்.

போடியார் சிவந்த கன்றுகளை முன்னரே ஒரு பக்கமாகப் பிரித்துக் கட்டியிருந்தார்.

"முதல்ல இதுகளுக்குப் போடுங்க டொக்டர் புள்ள. இது சாலித் தம்பிட கண்டுகள். நான் பாத்துக்குறன் எண்டு சொன்ன நான்."

"உங்கட பட்டிக்கு நான் போடல்ல போடியார்."

"என்ன சொல்றீங்க?"

"நோய் உள்ளுக்கு வந்திட்டு. இந்த மருந்து இண்டைக்குப் போட்டு இண்டைக்கு வேலை செய்யாது. கண்டுகள் தாய்மாரோட நிண்டது, அதுகளுக்கும் ஏற்கனவே தொத்தியிருக்கும். இருக்கிற மருந்தச் சுத்திவர நிக்கிற நல்ல பட்டிகளுக்குப் போட்டாத்தான் இது இஞ்சயே நிக்கும். இல்லாட்டி ஊர் முழுக்கப் போயிரும்."

"அப்ப எண்ட மாடு சாகட்டும் எண்டுறீங்க."

"பெரிய மாடு சாகாது. மெலியும், பால் வத்தும். மறுகா தேறிரும்."

"கண்டு?"

பதில் அவருக்கே தெரியும். இந்த நோய் இளங்கன்றுகளின் இதயத்தைப் பிடிக்கும். துள்ளிக்கொண்டு நிற்கும் கன்று திடீரென்று விழும். பிறகு எழும்பாது. இதை அவர் முன்னரும் பார்த்தவர்.

"சாலித் தம்பி இஞ்ச நிண்டிருந்தா இப்பிடிச் சொல்ல மாட்டார்" என்றார் போடியார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

அங்கே தொலைபேசி கிடையாது. யாரிடமும் கேட்க முடியாது. கேட்க முடிந்திருந்தால் சாலியிடம் மட்டும் கேட்டிருக்க மாட்டேன். அந்தப் பாரத்தை அவர் தலையில் வைக்க எனக்கு மனம் வந்திருக்காது. கை காலைச் சலவைச் சோடாத் தண்ணீரில் கழுவி, உடுப்பை மாற்றிக்கொண்டு, மற்றப் பட்டிகளுக்குப் போய் ஊசி போட்டேன். கடைசி மருந்தும் முடியும்வரை போட்டேன். சிவந்த கன்றுகள் கட்டியிருந்த பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் முடிவைப் பற்றி எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் சரியான முடிவை எடுத்தால் மனம் இலேசாகிவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். அன்று பாதையில் திரும்பி வரும்போது வெறும் குளிர்ப்பெட்டியைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தேன்.

சுற்றியிருந்த பட்டிகள் தப்பின. போடியாரின் பெரிய மாடுகளும் மெல்ல மெல்லத் தேறின. கன்றுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. ஒரே ஒரு நாகு, அதாவது ஒரு பெண்கன்று, நாக்கெல்லாம் புண்ணாகி, எலும்பும் தோலுமாகி, எப்படியோ எழும்பிவிட்டது.

நான் சொல்லப் போனபோது சாலி நிலையத்துப் புல் பாத்தியில் நின்று கினிப்புல் வெட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"எத்தின போச்சு?"

"ஒரு நாகு மட்டும் தப்பியிருக்கு."

"ஊசி போட்டுமா செத்தது?"

"போடல்ல சாலி. மத்தப் பட்டிகளுக்குத்தான் போட்ட நான்."

"ஒண்டுக்கும் போடல்லியா?"

"ஒண்டுக்கும்."

கத்தியைக் கீழே வைத்தார். வெட்டிய புல்லை அப்படியே விட்டுவிட்டு நடந்து போய்விட்டார். அதன் பிறகு கொஞ்ச நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பியோனிடம் சொல்லி அனுப்புவார். ஒரே கூரைக்குக் கீழே, இரண்டு அறை தள்ளி இருந்துகொண்டு! எனக்கும் ரோசம் வந்தது. நானும் பியோனிடமே பதில் சொல்லி அனுப்பினேன். பாவம் அந்த மனிதன், கால் தேய நடந்தான்.

ஒரு நாள் பின்னேரம் இரண்டு கையிலும் பிளேன்டீயோடு சாலி என் அறைக்குள் வந்தார். ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டு வழக்கம் போலக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"யோசிச்சுப் பாத்தன் டொக்டர். நான் போயிருந்தா போட்டிருப்பன். போட்டு வேலையில்ல எண்டு தெரிஞ்சும் போட்டிருப்பன். ஊர் மாட்டுக்கெல்லாம் தொத்தியிருக்கும்." கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நான் அங்க போக ஏலாமப் போனது நல்லதுக்குத்தான் போல."

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு அவர்தான் கேட்டார்: "அந்த நாகு... புல்லு மேயுதா?"

மாரி வந்து போனது. நாகு தேறி, வளர்ந்தது. மிச்சமிருந்த ஒன்று என்பதால் சாலியின் ஏக்கமெல்லாம் அதன் மேல் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, "ம்ம்" என்று வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். போடியாருக்கும் என் மேல் இருந்த வருத்தம் தணிந்திருந்தது. ஒரு நாள் அவரே ஒரு யோசனை சொன்னார். "அடுத்தமுறை நீங்க வந்து கிறுகிப் போகக்குள்ள நாகையும் துறையடிக்குக் கொண்டாறன். தம்பிய அக்கரையில வந்து நிக்கச் சொல்லுங்க. தூரத்தால எண்டாலும் பாக்கட்டும்."

சாலியிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கை நான் எழுதிக் காட்ட முடியாது.

குறித்த நாளில் போடியார் சொன்னபடி நாகோடு துறைக்கு வந்தார். வந்தவர் அக்கரையைக் கண்ணுக்குக் கை வைத்துப் பார்த்தார். "இவ்வளவு தூரத்தில ஆடெண்டும் தெரியாது, மாடெண்டும் தெரியாது" என்று முணுமுணுத்தார். அடுத்த நிமிடம் நாகைப் பாதையில் ஏற்றிவிட்டார்.

"போடியார், ஏத்தப்படாது! நோய் வந்த இடத்து மாட்ட வெளிய கொண்டுபோகத் தடை இருக்கு."

"இறக்கல்ல புள்ள. காட்டத்தானே!"

நோய் அடங்கிப் பல மாதம் ஆகியிருந்தது. ஆனால் தடை இன்னும் நீங்கவில்லை. தேறிய மாட்டின் தொண்டையில் கிருமி நெடுநாள் தங்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். சட்டம் என் வாயில் இருந்தது, மனம் நாகின் பக்கம் நின்றது. நான் பேசி முடிப்பதற்குள் பாதைக்காரர்கள் பாதையைக் கரையிலிருந்து தள்ளிவிட்டார்கள்.

நல்ல மத்தியான வெயில். கச்சான் காற்று முகத்தில் அனலாக அடித்தது. தூரத்தில் ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. பெருநாளுக்கு உடுத்துவது போலச் சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பாதையில் சிவப்பாக ஏதோ நிற்பதைக் கண்டதும் அந்த வெள்ளைச் சட்டை ஓடத் தொடங்கியது. முழங்காலளவு தண்ணீருக்குள் இறங்கி வந்துவிட்டார். பிறகு திடீரென்று நின்றார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

"நிப்பாட்டுங்க! கரையில முட்ட வேணாம்!"

பாதைக்காரர்கள் கம்பை ஊன்றி நிறுத்தினார்கள். சாலி பின்பக்கமாகவே நடந்து கரையேறி, இன்னும் தள்ளிப் போய் நின்றார்.

"தம்பி, உங்கட நாகு!" என்று போடியார் கூப்பிட்டார். "வந்து தொட்டுப் பாருங்க மனே!"

"தொட ஏலாது போடியார்! நான் இப்ப நிலையத்து மாட்டுக்குள்ள போகணும். இஞ்சால ஊரெல்லாம் மாடு நிக்கிது!"

போடியாரின் முகம் விழுந்துவிட்டது. காவலில் நின்ற சிப்பாய் ஒருவர், "மாட்டுக்கு ஐடென்டிகாட் இல்லையா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டுச் சிரித்தார். ஒருவரும் அவரோடு சேர்ந்து சிரிக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொதிப்பு. ஒரு தடவை தொட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று நானே கத்தியிருப்பேன். நான், வைத்தியர்!

"பக்கவாட்டா நிக்க விடுங்க போடியார்!" சாலி நின்ற இடத்திலிருந்தே கத்தினார். "அப்பிடித்தான். வாயத் திறந்து காட்டுங்க. நாக்கு ஆறிட்டா? முன்னங்காலத் தூக்குங்க. இப்ப கொஞ்சம் நடத்துங்க."

போடியார் கயிற்றைப் பிடித்துப் பலகையின் மேல் நாகை இங்கும் அங்குமாக நடத்திக் காட்டினார். பாதையில் இருந்த சனமெல்லாம் மூட்டைகளை ஒதுக்கி இடம் விட்டார்கள். சாலி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தூரத்தில் அவருக்குத் தெரியாத ஒன்றை மட்டும் என்னிடம் கேட்டார்.

"டொக்டர், வாய்?"

நடு வாவி வெயிலில், ஒரு துண்டு நிழல் இல்லாமல் வந்த மாடு. நான் குனிந்து அதன் முகத்தைப் பார்த்தேன்.

"மூடியிருக்கு சாலி. மூச்சு வாங்கல்ல."

அப்படியே மணலில் குந்திவிட்டார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

நாங்கள் ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்கிக் கரைக்கு நடந்தோம். கரையில் சாலி சோடாத் தண்ணீர் வாளியோடு வந்து நின்று எல்லோருடைய காலையும் கழுவ வைத்தார். பாதையைக் கழுவவும் ஒரு வாளி கொடுத்து அனுப்பினார். போடியாரும் நாகும் திரும்பிப் போனார்கள். அக்கரையில் அவர்கள் இறங்கி மறையும்வரை அவர் அசையவில்லை. நானும் அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

அதன் பிறகு சாலிக்கு இடமாற்றம் வந்தது. பிறகு நோய் வந்தது. யாரும் எங்கும் போகலாம் என்ற காலம் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. எனக்கு இந்த வேலையில் கிடைத்த பெருமைகளைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. கிடைக்காமல் போனது ஒன்றுதான் இன்னும் கிடந்து வலிக்கிறது. சாலியோடு சேர்ந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தப் பட்டிக்குள் நின்றிருக்க வேண்டும்.

இப்போது துறையில் பாலம் இருக்கிறது. ஒரு சுருட்டுப் பிடிக்கும் நேரத்துக்குள் படுவான்கரைக்குப் போய்விடலாம். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் வேலையாக அந்தப் பக்கம் போயிருந்தேன். வெட்டவெளியில் ஒரு பெரிய பட்டி மேய்ந்துகொண்டிருந்தது. நாட்டு மாடுகளுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிவப்பு. காது கொஞ்சம் தொங்கியிருந்தது. வெயில் உச்சியில் நின்றது. வாகனத்தை நிறுத்தச் சொல்லி இறங்கி, நெடுநேரம் பார்த்தேன். எனக்கு ஒரே சந்தோசம். திரும்பி வந்து ஏறியதும் சாரதியிடம், "கெதியா நிலையத்துக்கு விடுங்க தம்பி, சாலியிட்டச் சொல்லணும்" என்றேன்.

அவர் புதிதாக வந்தவர். கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"எந்தச் சாலி மிஸ்?"